மேல்விஷாரத்தில் மொஹிட்டோ: ரம்மை எடுத்துட்டா கிளாஸ்ல என்ன மிச்சம்?

*கியூபாவில் ரம்முடன் பிறந்த புதினா டிரிங்க், மது தொடாத வீடுகளின் விசேஷங்களுக்குள் வந்தது எப்படி? வீட்டிலேயே 25 பேருக்குச் செய்வது எப்படி? தண்ணீர், ஐஸ், சர்க்கரை விஷயத்தில் எதைக் கவனிக்கணும்? ஒரு முழு கைடு.*

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆற்காட்டைத் தாண்டி வேலூர் நோக்கிப் போகும்போது வருகிற ஊர் மேல்விஷாரம். தோல் தொழிற்சாலைகள், சி.அப்துல் ஹக்கீம் கல்லூரி, பிரியாணி. இந்த மூன்றையும் சொல்லாமல் ஊரை அறிமுகப்படுத்த முடியாது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். கல்யாண விருந்தில் பிரியாணி, தால்ச்சா, கத்தரிக்காய் பச்சடி எல்லாம் இருக்கும். மது மட்டும் இருக்காது.

ஆனா இப்போ இந்தப் பகுதியில் ஜூஸ் கடை மெனுவைப் பார்த்தால், ரோஸ்மில்க், சாத்துக்குடிக்குப் பக்கத்தில் பச்சை எழுத்தில் ஒரு பெயர் இருக்கும். 'மொஜிட்டோ', 'மோஜிடோ', 'மொஹிட்டோ' என்று கடைக்கு ஒரு ஸ்பெல்லிங். (ஸ்பானிஷ் உச்சரிப்புப்படி 'மொஹிட்டோ'தான் சரி. ஆனா 'மொஜிட்டோ'ன்னு கேட்டாலும் கிளாஸ் வரும்.) புதினா, எலுமிச்சை, சோடா, ஐஸ். வெயில் 40 டிகிரியைத் தொடும் வேலூர், ராணிப்பேட்டை மாவட்டங்களில் இது ஹிட் ஆனதில் ஆச்சரியம் இல்லை.

ஆச்சரியம் என்னன்னா, இந்த டிரிங்க்கின் ஒரிஜினல் ரெசிபியில் முதல் பொருளே ரம். அந்த ரம்மைத் தூக்கிட்டா, மிச்சம் இருக்கிறது நம்ம லெமன் சோடாதானே? அப்புறம் எதுக்கு அதுக்கு டபுள் ரேட்? இந்தச் சம்மருக்கு வீட்டில் ஒரு கெட்-டுகெதர் வைக்க நினைக்கிறவங்களுக்கு இந்தக் கேள்விக்கான பதில் உண்மையிலேயே உதவும்.

மொஹிட்டோ எங்கிருந்து வந்தது?

கியூபா. கரும்பு விளையும் தீவு. கரும்புச்சாற்றில் சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் கறுப்புப் பாகுதான் மொலாசஸ். அதைப் புளிக்க வைத்துக் காய்ச்சி வடித்தால் ரம். ஆக, கரும்பு ஊரில் ரம்மும் சர்க்கரையும் கைக்கு எட்டும் தூரத்தில். எலுமிச்சையும் புதினாவும் தோட்டத்திலேயே. நாலையும் சேர்த்து யாரோ ஒருவர் கலக்கியிருக்கிறார்.

1586-ல் கரீபியன் பக்கம் வந்த ஆங்கிலேயக் கடலோடி பிரான்சிஸ் டிரேக்கின் பெயரில் 'எல் டிராக்கே' என்ற பானம் இருந்தது, அதுதான் மொஹிட்டோவின் தாத்தா என்று ஒரு கதை உண்டு. சுவாரஸ்யமான கதை, உறுதியான ஆதாரம் குறைவு. ஹவானாவில் 1942-ல் தொடங்கிய 'லா பொடேகிட்டா டெல் மெடியோ' என்ற உணவகம் இதைப் புகழ்பெற வைத்தது. 2002-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படமான 'டை அனதர் டே'யில் பாண்ட் கையில் மார்ட்டினிக்குப் பதில் மொஹிட்டோ வந்ததும் உலகம் முழுக்க பார்களில் புதினாவுக்கு டிமாண்ட் ஏறியது.

சர்வதேச பார்டெண்டர்கள் சங்கத்தின் அதிகாரபூர்வ ரெசிபி ரொம்ப சிம்பிள்: வெள்ளை ரம் 45 மில்லி, எலுமிச்சைச் சாறு 20 மில்லி, புதினாக் கொத்து 6, சர்க்கரை 2 டீஸ்பூன், மேலே சோடா.

நம் ஊருக்கு இது வந்தது பார் வழியாக இல்லை, கஃபே வழியாக. பாட்டில் சிரப்பை ஊற்று, ஐஸ் போடு, சோடா ஊற்று. ஒரு நிமிஷத்தில் டிரிங்க் ரெடி. அடுப்பு வேண்டாம், மாஸ்டர் வேண்டாம். கஃபேவில் தொடங்கி, பேக்கரி, ஜூஸ் கடை, கடைசியில் கல்யாண மண்டபத்து 'வெல்கம் டிரிங்க்' கவுண்டர் வரை வந்துவிட்டது.

சர்பத் போய், காக்டெயிலாகத் திரும்பி வந்த கதை

'வெளிநாட்டு சமாச்சாரம்' என்று இதை ஒதுக்குவதற்கு முன் சில வார்த்தைகளைப் பார்த்துவிடலாம்.

'ஜூலெப்' என்று ஒரு புதினா காக்டெயில் அமெரிக்காவில் பிரபலம். கென்டக்கி குதிரைப் பந்தயத்தின் அடையாள பானமே அதுதான். அந்தப் பெயர் பாரசீகத்தின் 'குலாப்', அதாவது பன்னீர். அரபியில் 'ஜுலாப்' ஆகி, யூனானி வைத்தியர்களின் இனிப்பு மருந்துப் பானமாக ஐரோப்பா போய், அங்கிருந்து அமெரிக்கா போய், மதுவோடு கலந்துவிட்டது.

'பஞ்ச்' என்ற பார்ட்டி பானம் நம் நாட்டில் இருந்தே போனது. சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், மசாலா என ஐந்து பொருள். 'பாஞ்ச்' என்ற சொல்லில் இருந்து அந்தப் பெயர் வந்ததாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. கிழக்கிந்திய கம்பெனி ஊழியர் ஒருவர் 1632-ல் எழுதிய கடிதத்திலேயே அந்தச் சொல் வந்துவிட்டது. அந்த ஐந்தில் சாராயத்தை எடுத்துவிட்டு, சர்க்கரைக்குப் பதில் வெல்லம், மசாலாவுக்குச் சுக்கும் ஏலக்காயும் போட்டால்? ராமநவமிக்குக் கோயிலில் கொடுக்கும் பானகம்!

'சர்பத்' அரபியில் இருந்து வந்தது, 'புதினா' பாரசீகம் வழியாக. 'ஆல்கஹால்' என்ற சொல்லுக்கே மூலம் அரபிதான். 'அல்-குஹ்ல்' என்றால் கண்ணுக்கு இடும் சுருமா.

ஆக, மது இல்லாத புதினா பானம் என்பது காக்டெயிலின் 'டம்மி வெர்ஷன்' இல்லை. வரிசைப்படி பார்த்தால் சர்பத்தான் சீனியர்.

சரி, ரம்மை எடுத்தால் என்ன போகிறது?

போதை மட்டும்தான் போகிறது என்று நினைத்தால் தப்பு. சுவையில் நாலு வேலையை ரம் செய்கிறது.

ஒன்று, வாசனை. புதினாவின் வாசனை எண்ணெய்கள் தண்ணீரில் சரியாகக் கரையாது, ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். அதனால்தான் ரம் ஊற்றியதும் புதினா 'குப்'பென்று மேலே வருகிறது. வெறும் சோடாவில் அதே இலையைப் போட்டால் அது அலங்காரப் பொருளாக மிதக்கும்.

இரண்டு, காரம். தொண்டையில் இறங்கும்போது வரும் சின்ன எரிச்சல், அடுத்த வாயை மெதுவாகக் குடிக்க வைக்கும். அது இல்லை என்றால் ஒரே மூச்சில் காலி.

மூன்று, இனிப்பை அடக்குவது. ஆல்கஹாலின் லேசான கசப்பு சர்க்கரையைச் சமன் செய்யும். ரம்மை எடுத்துவிட்டு அதே அளவு சிரப் ஊற்றினால் இனிப்பு மட்டும் தூக்கலாகத் தெரியும். கடை மொஹிட்டோ பாதிக்கு மேல் திகட்டுவதற்கு இதுதான் காரணம்.

நான்கு, கரும்பின் மணம். மொலாசஸில் இருந்து வருவதால் ரம்முக்கு லேசான வெல்ல வாசம் உண்டு. மரப் பீப்பாயில் ஊறிய டார்க் ரம் என்றால் வெனிலா வாசமும் சேரும்.

இந்த நாலையும் நம்ம சமையலறைப் பொருட்களை வைத்தே ஈடுகட்டலாம்.

வாசனைக்கு, இலையைச் சர்க்கரையோடு சேர்த்துக் கசக்கணும். சர்க்கரைப் படிகம் இலையின் மேல் இருக்கும் எண்ணெய்ப் பைகளை உடைத்துவிடும். காரத்துக்கு இஞ்சிச் சாறு. இனிப்பை அடக்க, ஆறவைத்த ஸ்ட்ராங்கான கட்டன் சாயா 2 ஸ்பூன். டீயின் துவர்ப்பு நாக்கில் ஒரு பிடிமானம் கொடுக்கும். கரும்பு மணத்துக்கு நாட்டு வெல்லம்.

வெனிலாவுக்கு? இங்கேதான் ஒரு சர்ப்ரைஸ். நம்ம நன்னாரி வேரின் வாசனைக்குக் காரணமான வேதிப்பொருள், வெனிலாவில் இருக்கும் வெனிலினின் நெருங்கிய உறவு. அதே அணுக்கள், அதே எண்ணிக்கை, அடுக்கிய விதம் மட்டும் வேறு. அதனால், டார்க் ரம்மின் அந்த வாசத்துக்கு நன்னாரி சர்பத்தைவிடப் பொருத்தமான மாற்று வெளியில் தேடவே வேண்டாம்.

புதினா உண்மையிலேயே குளிர்ச்சியா?

உடம்பின் வெப்பத்தைப் புதினா குறைப்பதில்லை. குளிரை உணர நம் நரம்புகளில் 'டிஆர்பிஎம்8' என்ற ஒரு உணர்வி இருக்கிறது. மெந்தால் அதைத் தட்டி எழுப்பி, 'குளிருது' என்று மூளைக்குத் தகவல் அனுப்ப வைக்கிறது. டேவிட் ஜூலியஸ், ஆர்டம் படாபூடியன் இருவரும் 2002-ல் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தார்கள். வெப்பம், தொடுதலை உணரும் விதம் பற்றிய ஆய்வுகளுக்காக 2021-ல் மருத்துவ நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார்கள்.

ஒரு விஷயம் கவனிங்க. நம் மார்க்கெட்டில் கட்டாகக் கிடைக்கும் புதினாவில் பெரும்பாலும் மெந்தால் குறைவு, கார்வோன் என்ற பொருள்தான் அதிகம். பிரியாணியில் வருகிற அந்த இனிப்பான புதினா வாசம் அதனுடையது. மாத்திரை, பாம், சூயிங்கம்மில் வரும் 'சுள்' குளிர்ச்சி மெந்தாலுடையது. மொஹிட்டோவுக்கு நம்ம பிரியாணிப் புதினாதான் சரி. கியூபாவில் பயன்படுத்துவதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மென்மையான வாசமுள்ள புதினாவைத்தான்.

25 பேருக்குப் பச்சைப் புதினா மொஹிட்டோ

வீட்டில் செய்தவர்கள் சொல்லும் முதல் புகார்: 'காலையில் அரைச்சு வச்சேன், மாலையில் பார்த்தா பாசி கலர் ஆயிடுச்சு.' இதற்கு இரண்டு காரணம். அரைத்த இலை காற்றுபட்டுக் கறுக்கும். எலுமிச்சையின் புளிப்பு பட்டால் பச்சையம் பழுப்பாகும். இரண்டுக்கும் வழி இருக்கு.

முதலில் சிரப். அரை கிலோ சர்க்கரை, அரை லிட்டர் தண்ணீர். சர்க்கரை கரையும் வரை மட்டும் சூடாக்கி இறக்கி, முழுசா ஆற விடுங்க. பாகு பதம் தேவையில்லை.

பெரிய கட்டாக இரண்டு கட்டு புதினாவில் இலையை மட்டும் ஆய்ந்து எடுங்க. காம்பு கசக்கும். கொதிக்கும் தண்ணீரில் இலையை 10 முதல் 15 வினாடி மட்டும் முக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் போடுங்க. கறுக்க வைக்கும் நொதி அந்தச் சூட்டில் செயலிழந்துவிடும். பிழிந்து எடுத்து, ஆறிய சிரப்பில் ஒரு டம்ளர் சேர்த்து மிக்ஸியில் அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, மீதி சிரப்போடு கலந்து ஃப்ரிட்ஜில் வைங்க. மொத்தம் சுமார் 800 மில்லி வரும். எலுமிச்சையை இதில் இப்போ சேர்க்கக் கூடாது. அது பரிமாறும்போது மட்டும்.

ஒரு கிளாஸுக்கு அளவு: சிரப் 30 மில்லி, எலுமிச்சைச் சாறு 20 மில்லி, இஞ்சிச் சாறு அரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, கிளாஸ் நிறைய ஐஸ், சோடா 120 மில்லி. மேலே ஒரு புதினாக் கொத்து. அதை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டு தட்டிவிட்டுச் செருகுங்க, குடிக்கக் குனியும்போதே வாசம் வரும்.

25 கிளாஸுக்குக் கணக்கு: எலுமிச்சை நடுத்தர அளவில் 25 முதல் 30. சோடா 750 மில்லி பாட்டில் 4, கையிருப்புக்கு ஒன்று கூடுதல். ஐஸ் 5 கிலோ. இதில் 3 கிலோ கிளாஸுக்கு, மிச்சம் பாட்டில்களைக் குளிர வைக்க.

சோடாவை மட்டும் ஜக்கில் மொத்தமாகக் கலந்து வைக்காதீங்க. 10 நிமிஷத்தில் கேஸ் போயிடும். சிரப், எலுமிச்சை, ஐஸ் வரை கிளாஸில் போட்டு வைத்துவிட்டு, கையில் கொடுக்கும்போது சோடா ஊற்றினால் போதும். சோடாவும் முன்கூட்டியே குளிர்ந்திருக்கணும். வெதுவெதுப்பான சோடாவில் கேஸ் நிற்காது.

இன்னும் இரண்டு வெரைட்டி

*வெல்ல மொஹிட்டோ:* கால் கிலோ நாட்டு வெல்லம், கால் லிட்டர் தண்ணீர், நசுக்கிய இஞ்சி ஒரு கைப்பிடி, நாலைந்து மிளகு. ஐந்து நிமிஷம் கொதிக்க வைத்து வடிகட்டி ஆற விடுங்க. கிளாஸில் 6 புதினா இலையை லேசாக நசுக்கி, இந்தப் பாகு 30 மில்லி, எலுமிச்சை 20 மில்லி, கட்டன் சாயா 2 ஸ்பூன், ஐஸ், சோடா. ஒரிஜினலின் சுவைக்கு மிக அருகில் வருவது இதுதான். கலர் பச்சையாக இருக்காது, டீ கலரில் இருக்கும். இன்ஸ்டா போட்டோவுக்குச் சுமார், நாக்குக்கு சூப்பர்.

*நன்னாரி மொஹிட்டோ:* நன்னாரி சர்பத் 25 மில்லி, எலுமிச்சை 20 மில்லி, புதினா, உப்பு, சோடா. ஊறவைத்த சப்ஜா விதை ஒரு ஸ்பூன் போட்டால் வீட்டுப் பெரியவங்களும் 'இது நம்ம சர்பத்தானே' என்று வாங்கிக் குடிப்பாங்க. அவங்க சொல்றதும் கரெக்ட்தான்.

எதைச் செய்தாலும் புதினாவை உரலில் இடிப்பது போல இடிக்க வேண்டாம். இலை கிழிந்து தூளானால் கசப்பு இறங்கும், ஸ்ட்ராவும் அடைக்கும். கரண்டியின் பின்பக்கத்தால் நாலைந்து அழுத்து, அவ்வளவுதான்.

கிளாஸில் முக்கால்வாசி தண்ணீர். அந்தத் தண்ணீர் எங்கிருந்து?

பாலாற்றங்கரையில் இந்தக் கேள்வி சாதாரணக் கேள்வி இல்லை. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறும் நிலத்தடி நீரும் கெட்ட கதை பல பத்தாண்டுப் பழசு. இது குறித்த வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில்தான் 1996-ல் உச்ச நீதிமன்றம், 'மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுகட்ட வேண்டும்' என்ற கொள்கையை நாட்டின் சட்டத்தின் ஒரு பகுதி என்று சொன்னது. 2025 ஜனவரியிலும் இதே பாலாறு மாசு தொடர்பாக, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்கவும் நிலத்தையும் நீரையும் மீட்கவும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ மேல்விஷாரத்திலோ குடிக்க கேன் தண்ணீரை நம்பும் வீடுகள் பல இருப்பதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

டிரிங்க்ஸ் செய்யும்போது இதை மறந்துவிடுகிறோம். குடிக்கிற தண்ணீர் கேனில் வரும், சிரப்புக்கு மட்டும் குழாய்த் தண்ணீர். 'கொதிக்க வச்சாச்சே!' என்பாங்க. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உப்பும் உலோகமும் போகாது. தண்ணீர் ஆவியாகப் போவதால் அவற்றின் அடர்த்தி கொஞ்சம் கூடவே செய்யும். உப்புத்தன்மை அதிகமான தண்ணீரில் எலுமிச்சையின் சுவையும் எடுபடாது. சிரப், ஐஸ் இரண்டுக்குமே நீங்கள் குடிக்கும் அதே சுத்திகரித்த தண்ணீர்தான் சரி.

ஐஸ் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நினைப்பது தப்பு. நிறைய கிருமிகள் தூங்கும், உருகியதும் எழுந்துவிடும். மீன் மார்க்கெட்டுக்குப் போகும் பாளம் ஐஸ் சாப்பிடுவதற்கானது அல்ல. அதை வாங்கினால் பாட்டிலைக் குளிர வைக்க மட்டும் பயன்படுத்துங்க. கிளாஸுக்குள் போவதை இரண்டு நாள் முன்பே வீட்டு ஃப்ரீசரில் டிபன் பாக்ஸ்களில் உறைய வையுங்க. பெரிய கட்டியாக இருந்தால் மெதுவாக உருகும், டிரிங்க் நீர்த்துப் போகாது.

அப்புறம் அந்தப் புகை. கல்யாண மேடை போல கிளாஸிலும் புகை வரணும் என்று சில கவுண்டர்களில் திரவ நைட்ரஜன், உலர் பனிக்கட்டி பயன்படுத்துகிறார்கள். உள்ளே போனால் உணவுக்குழாய், வயிறு வரை கிழிக்கக் கூடியவை இவை. 2024 மார்ச்சில் குருகிராமில் ஓர் உணவகத்தில் வாய் ஃப்ரெஷ்னர் என்று கொடுக்கப்பட்ட உலர் பனிக்கட்டியைச் சாப்பிட்டவர்கள் ரத்த வாந்தி எடுத்து மருத்துவமனைக்குப் போனார்கள். அடுத்த மாதமே, உணவோடு திரவ நைட்ரஜனை நேரடியாகக் கொடுப்பதற்கு எதிராகத் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரித்தது. குழந்தைகள் சுற்றி நிற்கும் விசேஷத்தில் இந்தப் புகையே வேண்டாம்.

சர்க்கரைக் கணக்கு

'ரம் இல்லை, அதனால் ஹெல்தி' என்று சொல்லிவிட முடியாது.

கடை ஸ்டைல் கிளாஸ் ஒன்றைக் கணக்குப் போடுவோம். கெட்டியான சிரப் 30 மில்லி என்றால் சுமார் 25 கிராம் சர்க்கரை. பிளெயின் சோடாவுக்குப் பதில் இனிப்பு லெமன் சோடா 150 மில்லி ஊற்றினால், 100 மில்லிக்கு 10 கிராம் என்ற கணக்கில் இன்னும் 15 கிராம். மொத்தம் 40 கிராம், அதாவது 10 டீஸ்பூன். 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்குச் சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள் இருக்கணும், 25 கிராமுக்குள் என்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

மேலே சொன்ன வீட்டு அளவில் ஒரு கிளாஸுக்கு சுமார் 18 கிராம். பாதிக்கும் குறைவு. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்கிறார்கள் என்று 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்கிறது. 25 பேர் கூடும் வீட்டில் ரெண்டு மூணு பேராவது அவர்களில் இருப்பாங்க. புதினா, எலுமிச்சை, உப்பு, சோடா மட்டும் போட்டு ஒரு ஜக் தனியாக வையுங்க. அவங்க கேட்டு வாங்கும் நிலைமைக்கு விடாதீங்க.

'இதுல ஆல்கஹால் இருக்கா?'

இந்தக் கட்டுரைக்கான விதை ஒரு மாடி பார்ட்டியில் விழுந்தது. சென்னையில் நண்பர்கள் கூடிய இடம். ஒரே மாதிரி கிளாஸ், ஒரே மாதிரி பச்சை. மேல்விஷாரத்தில் இருந்து வந்து இங்கே வேலை பார்க்கும் நண்பர் கையிலும் ஒன்று கொடுக்கப்பட்டது. 'இதுல ஆல்கஹால் இருக்கா?' என்று கேட்டார். ஊற்றியவருக்கு எந்த ஜக்கில் இருந்து ஊற்றினோம் என்று ஞாபகம் இல்லை. 'இருக்காது ப்ரோ, குடி' என்றார்கள். நண்பர் சிரித்துக்கொண்டே கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். அன்று இரவு முழுக்க அவர் தண்ணீர்தான் குடித்தார்.

'இருக்காது' என்பது பதில் இல்லை. மார்க்கம் காரணமாக இருக்கலாம், மருந்து சாப்பிடுவது, கர்ப்பம், வண்டி ஓட்டுவது, விட்டுவிட்ட பழக்கத்துக்குத் திரும்பக் கூடாது என்ற உறுதி என்று எதுவாகவும் இருக்கலாம். கேட்பவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கொடுப்பவருக்கு பதில் தெரிந்திருக்கணும்.

மது பரிமாறும் கூட்டமாக இருந்தால் சில விஷயங்கள் கட்டாயம்:

• மது கலந்தது, கலக்காதது இரண்டுக்கும் தனித்தனி ஜக், தனித்தனி மேசை. ஜக்கின் மேல் பெரிய எழுத்தில் பெயர். கிளாஸின் வடிவமும் வேறாக இருக்கட்டும்.

• ரம்மை ஜக்கில் கலக்காமல், வேண்டும் என்பவர் கிளாஸில் மட்டும் ஊற்றுங்க. நசுக்கும் கரண்டி, ஷேக்கர் எல்லாம் தனித்தனி.

• 'ப்ளூ குராசோ' வாங்கும்போது லேபிளைப் படிங்க. அதே பெயரில் மதுவும் உண்டு, மது இல்லாத நீலச் சிரப்பும் உண்டு.

• 'பிட்டர்ஸ்' என்று பார்டெண்டர்கள் சொட்டு சொட்டாக விடும் சின்ன பாட்டிலைக் கவனிங்க. அங்கோஸ்டூரா பிட்டர்ஸில் ஆல்கஹால் 44.7 சதவீதம். மாக்டெயில் என்று சொல்லிக்கொண்டே அதைச் சேர்ப்பவர்களும் உண்டு.

பெயரே சங்கடமாக இருக்கிறது என்பவர்களும் இருக்கிறார்கள். இந்தோனேசியாவில் ரம், பீர் போன்ற மதுப் பெயர்களைத் தாங்கிய பொருட்களுக்கு, உள்ளே மது இல்லாவிட்டாலும், உலமா கவுன்சில் ஹலால் சான்று தருவதில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒரு தயக்கம் இருந்தால் 'புதினா சோடா' என்று எழுதிவிடுங்க. சுவை மாறாது.

மது பரிமாறுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

தமிழ்நாட்டில் 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மது விற்கக் கூடாது. காலேஜ் ஜூனியர்கள் வரும் பார்ட்டி என்றால் இதை மனதில் வையுங்க. மண்டபத்தில் பரிமாறலாமா? 2023-ல் சிறப்பு உரிமத்துக்கான விதித் திருத்தம் வந்து பெரிய சர்ச்சையானது. எதிர்ப்புக்குப் பிறகு அந்த ஏப்ரலிலேயே திருமண மண்டபங்கள் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டன. ஆக, கல்யாண மண்டபத்தில் 'காக்டெயில் கவுண்டர்' போடும் யோசனையை மறந்துவிடலாம்.

வண்டி ஓட்டுபவருக்கு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் குற்றம். 45 மில்லி ரம்மில் சுமார் 14 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. புதினாவும் சர்க்கரையும் அதை மறைத்துவிடுவதால், ஜூஸ் போல மூன்று கிளாஸ் இறங்குவது தெரியாது. ஓட்டப் போகிறவர் 'ஒண்ணே ஒண்ணு' கணக்குப் போடாமல் இருப்பதே நல்லது.

வெயிலுக்கு மது குளிர்ச்சி என்பதும் தவறான நம்பிக்கை. சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனை ஆல்கஹால் அடக்கிவிடும். குடித்ததைவிட அதிகமாக நீர் வெளியேறும். ஏற்கெனவே வியர்த்துக் கொட்டும் அக்னி நட்சத்திர நாளில் உடம்பு இன்னும் வறளும்.

கடைசியாக ஒரு கணக்கு

டபுள் ரேட் நியாயமா என்ற கேள்விக்கு வருவோம். பாட்டில் சிரப்பும் இனிப்பு சோடாவும் கலந்து கொடுத்தால், அது லெமன் சோடாவுக்குப் பச்சைச் சட்டை. அதற்கு டபுள் ரேட் அதிகம்தான். நல்ல தண்ணீர், பறித்த புதினா, பிழிந்த எலுமிச்சை, கொஞ்சம் இஞ்சி, அளவான இனிப்பு என்று ஒருவர் உட்கார்ந்து செய்திருந்தால், ரம் இல்லை என்பதற்காக அது குறைந்த பானம் ஆகிவிடாது.

அந்த மாடி பார்ட்டி நண்பர் ஊருக்குக் கூப்பிட்டிருந்தார். விருந்து முடிந்து, தால்ச்சா வாசம் கையில் இருக்கும்போதே ஸ்டீல் டம்ளரில் ஐஸும் புதினாவும் எலுமிச்சையும் போட்ட ஒன்று வந்தது. அங்கே யாரும் 'இதுல என்ன இருக்கு' என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லாததால் எல்லோரும் நிம்மதியாகக் குடித்தார்கள். இந்தச் சம்மரில் உங்கள் வீட்டுக்கு வருகிறவர்களும் அப்படிக் குடிக்க முடிந்தால், பார்ட்டி சக்சஸ்.